பின் சக்கரம்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்து நண்பர் கேட்டபோது, "ஸ்கூட்டர் டயரைப் பற்றி எழுதட்டுமா?" என்றேன். அவர் என் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். கம்பனில் ஒரு காட்சி, குறளில் ஓர் அதிகாரம், பாரதியின் ஒரு பாட்டு என்று மற்றவர்கள் எழுதித் தரும் மலரில் தேய்ந்த டயருக்கு இடம் உண்டா என்ற ஐயம் அவருக்கு. "வண்டி தமிழுக்குப் புதிதா என்ன? உப்பு விற்கப் புறப்பட்ட உமணர்கள், வழியில் அச்சு முறிந்தால் உதவட்டும் என்று வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனார்கள். அதை ஔவையார் புறநானூற்றில் உவமையாக எடுத்தாண்டிருக்கிறார். இன்று நாம் ஸ்டெப்னி என்று சொல்வது அதன் கொள்ளுப்பேரன்தானே!" என்றேன். நண்பர் சிரித்துவிட்டார். "எழுதுங்கள். ஆனால் டயரைப் பற்றி மட்டுமே எழுதிவிடாதீர்கள்" என்றார். டயரைப் பற்றி மட்டும் எழுதுவது எனக்கும் இயலாத காரியம்தான்.

எங்கள் வீட்டு வண்டி மூன்று சக்கர வண்டி. ஆட்டோ ரிக்‌ஷா அன்று. சேத்தக் ஸ்கூட்டர் ஒன்றின் இடப்புறத்தில், இரும்புக் குழாய்ச் சட்டத்தின்மேல் படகு போன்ற பெட்டி ஒன்றைப் பொருத்தி, அதற்கும் ஒரு சக்கரம் வைத்த சைடுகார் வண்டி. 1970களிலும் 1980களிலும் தில்லியில் வாழ்ந்தவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. கணவர் ஓட்டுவார், பின்னால் மனைவி, பெட்டிக்குள் இரண்டு குழந்தைகள், அவர்கள் காலடியில் காய்கறிப் பை. கார் வாங்க வசதியில்லாத, பேருந்தில் குடும்பத்தோடு ஏற இயலாத சர்க்கார் குமாஸ்தாவின் கார் அதுவே.

அப்பா 1965-ல் கும்பகோணத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியும் ஒரு நியமன ஆணையுமாகத் தில்லிக்கு வந்தவர். பதினெட்டு ஆண்டுகள் பேருந்திலும் சைக்கிளிலும் காலம் தள்ளினார். 1972-ல் வெளிவந்த சேத்தக், இராணா பிரதாப்பின் குதிரையின் பெயரைத் தாங்கியிருந்தாலும், குதிரை வேகத்தில் யாருக்கும் கிடைத்துவிடவில்லை. பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அப்பா 1983-ல் பழைய வண்டி ஒன்றை, உடன் பணியாற்றியவர் ஊர் மாற்றலாகிப் போனபோது, தவணை சொல்லி வாங்கினார். வாங்கிய மறுமாதமே அதற்குச் சைடுகார் பூட்டினார்.

பூட்டியதற்குக் காரணம் அக்கா.

அக்காவுக்கு இரண்டு வயதில் போலியோ கண்டது. அது 1975. சொட்டு மருந்துக்காக நாடெங்கும் நாள் குறித்து முகாம்கள் நடத்தும் காலம் வர இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன. வலது கால் சூம்பிப்போனது. இடுப்புவரை இரும்புப் பட்டைகளும் தோல் வார்களும் கொண்ட காலிபர் அணிந்து, ஒரு கையால் ஊன்றுகோலைப் பற்றி அவள் நடப்பாள். பேருந்தின் படி அவளுக்கு மலை. ஸ்கூட்டரின் பின் இருக்கையில் அமரலாம் என்றால் மடங்காத காலிபர் சாலையில் நீட்டிக்கொண்டு நிற்கும். அம்மா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போய்வந்த நாட்கள் உண்டு. பத்து வயதான பெண்ணை எத்தனை நாள் தூக்க முடியும்? சைடுகார் வந்த அன்று, அக்கா காலை நீட்டிக்கொண்டு அதில் ஏறி அமர்ந்து, "அப்பா, எனக்கு ரதம் வாங்கியிருக்கார்" என்று குடியிருப்பு முழுதும் கேட்கும்படி சொன்னாளாம். எனக்கு அப்போது ஐந்து வயது. சொல்லிக் கேட்டதுதான்.

ரதம் ஓடத் தொடங்கிய பிறகுதான் பின் சக்கரத்தின் பாடு தெரியவந்தது.

இரு சக்கர வண்டிக்கு ஒரு சிறப்பு உண்டு. வளைவில் அது சாய்ந்துகொள்ளும். அதன் டயரின் முகம் வட்டமாக அமைந்திருப்பதும் அதற்காகவே. நேரே போகையில் டயரின் நடுப்பகுதி தரையைத் தொடும். வளைவில் ஓரப்பகுதி தொடும். இவ்வாறு தேய்மானம் எல்லாப் பக்கமும் பங்கிடப்பட்டுவிடுகிறது. பக்கத்தில் ஒரு பெட்டியைக் கட்டிவிட்டால் வண்டியால் சாய முடியாது. நிமிர்ந்தபடியேதான் திரும்ப வேண்டும். அப்போது டயர் உருள்வதோடு நில்லாமல் பக்கவாட்டிலும் இழுபடுகிறது. பள்ளிப் பிள்ளையின் ரப்பர் தாளின்மேல் தேய்வது போலத் தரையின்மேல் தேய்கிறது. வட்டமாக இருந்த முகம் சில மாதங்களில் நடுவில் பட்டையடித்துத் தட்டையாகிவிடும்.

அது மட்டுமன்று. மூன்று சக்கரங்களில் எஞ்சினோடு பிணைக்கப்பட்டது பின் சக்கரம் ஒன்றே. முன் சக்கரம் வழி காட்டும். பக்கச் சக்கரம் உடன் வரும். எல்லாவற்றையும் நகர்த்த வேண்டியது பின் சக்கரம். பக்கத்துப் பெட்டி இடப்புறம் இருப்பதால், வேகம் கூட்டினால் வண்டி இடப்பக்கம் இழுக்கும். எங்கள் சைடுகார் சக்கரத்துக்குத் தனி பிரேக் இல்லாததால், பிரேக் பிடித்தால் பெட்டி முன்னோக்கி ஓடப் பார்த்து வண்டியை வலப்பக்கம் திருப்பும். ஓட்டுபவர் ஒவ்வொரு கணமும் இந்த இரண்டு பிடிவாதங்களுக்கும் நடுவே சமரசம் செய்துகொண்டே போக வேண்டும். ஒவ்வொரு சமரசத்துக்கும் உரிய விலையைப் பின் டயர்தான் கொடுக்கும்.

காலியான பெட்டி இன்னொரு தொல்லை. ஆளில்லாத சைடுகாரோடு இடப்பக்கம் வேகமாகத் திரும்பினால் பெட்டி தரையைவிட்டு மேலே எழும்பிவிடும். ஆகவே அக்காவைப் பள்ளியில் இறக்கிவிட்டபின் அப்பா அவள் இருந்த இடத்தில் நான்கு செங்கற்களையும் ஒரு சிறு மணல் மூட்டையையும் வைத்துக்கொண்டு அலுவலகம் போவார். "என்ன சார், வீடு கட்டுகிறீர்களா?" என்று சக ஊழியர்கள் கேலி செய்வார்களாம். "பெண்ணுக்கு அட்டெண்டன்ஸ் கொடுக்கிறேன்" என்பாராம் அப்பா.

சைடுகார் இல்லாத நண்பர்களின் வண்டியில் பின் டயர் இரண்டு மூன்று ஆண்டுகள் உழைத்தபோது, எங்கள் டயருக்கு ஓராண்டு தாண்டுவதே அரிதாயிற்று. எழுநூறு ரூபாய்ச் சம்பளக்காரருக்கு இது சிறிய செலவன்று. அப்பா இதை ஒரு நிர்வாகப் பிரச்சினையாகவே அணுகினார். சேத்தக்கின் சக்கரங்கள் எல்லாம் ஒரே அளவு, 3.50-10. அதாவது டயரின் அகலம் மூன்றரை அங்குலம், ரிம்மின் விட்டம் பத்து அங்குலம். சைடுகாரின் சக்கரத்தையும் அதே அளவில் கேட்டு வாங்கியிருந்தார். எந்த டயரையும் எங்கும் மாட்டலாம். எனவே அலுவலகத்து மாற்றல் ஆணைகளைப் போல டயர்களுக்கும் ஒரு முறை வகுத்தார். புதிய டயர் எப்போதும் பின் சக்கரத்தில்தான் பணியில் சேரும். பாதி தேய்ந்ததும் சைடுகாருக்கு மாற்றல். அங்கே வேலை இலகு. அங்கிருந்தது ஸ்டெப்னிக்குப் போகும். ஸ்டெப்னியில் இருந்த பழையது ஓய்வு பெறும். ஓய்வு பெற்ற டயர்களில் ஒன்று பல ஆண்டுகள் எங்கள் துளசிச் செடிக்குப் பாத்தியாக இருந்தது.

"நல்லது எங்கே போகணும்னா, பாரம் எங்கே அதிகமோ அங்கே போகணும்" என்பது அப்பாவின் வாக்கு. வெள்ளைத் தாளில் கோடு போட்டுத் தாமே தைத்த நோட்டு ஒன்றில், எந்த டயர் எந்தத் தேதியில் எந்தச் சக்கரத்தில் மாட்டப்பட்டது, அப்போது மீட்டர் காட்டிய கிலோமீட்டர் எவ்வளவு என்று எழுதிவைப்பார்.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் வண்டிப் பரிசோதனை நடக்கும். பத்து வயதில் நான் அதற்கு உதவியாளனானேன். முதல் பாடம் அச்சம். சேத்தக்கின் ரிம் இரண்டு தகடுகளைச் சேர்த்து நட்டுகளால் இறுக்கியது. சக்கரத்தை வண்டியிலிருந்து கழற்றும் நட்டுகள் வேறு. ரிம்மின் இரு பாதிகளைப் பிணைக்கும் நட்டுகள் வேறு. டியூபில் காற்று இருக்கும்போதே இரண்டாவது வகை நட்டுகளைக் கழற்றினால் தகடு வெடித்துப் பறந்து முகத்தில் அறையும். "முதலில் காற்று, பிறகு ஸ்பேனர்" என்று என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகே அப்பா ஸ்பேனரைக் கையில் கொடுப்பார். உள்ளே டியூபை வைக்குமுன் அதன்மேல் முகப் பவுடர் தூவ வேண்டும். இல்லையேல் சூட்டில் டியூப் டயரோடு ஒட்டிக்கொள்ளும். "எங்க வீட்டுல டயர்தான் அழகா இருக்கு" என்று அம்மா பவுடர் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு போவாள்.

அடுத்தது டயரைப் படிக்கும் பாடம். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரு ஓரங்களும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. டயரின் முகத்தில் உள்ளங்கையை வைத்து முன்னும் பின்னும், இடமும் வலமும் தடவிப் பார்க்கச் சொல்வார். ஒரு திசையில் பூனையின் முதுகுபோல் வழவழப்பாகவும் எதிர்த் திசையில் ரம்பத்தின் பல்போல் சொரசொரப்பாகவும் இருந்தால், குற்றம் டயரில் இல்லை. சக்கரங்கள் ஒன்றையொன்று பார்க்கும் கோணத்தில் இருக்கிறது. அப்போது வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஸ்கூட்டரின் சக்கரங்களை ஒட்டி ஒரு நேரான மரச் சட்டத்தையும், சைடுகார் சக்கரத்தை ஒட்டி இன்னொன்றையும் வைத்து, இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை முன்புறமும் பின்புறமும் அளப்போம். முன்புற அளவு சற்றே குறைவாக இருக்க வேண்டும். பக்கச் சக்கரம் ஸ்கூட்டரை நோக்கி ஒரு சிறிது தலைசாய்த்தபடி இருக்க வேண்டும் என்று பொருள். அதுவும் அளவோடு. மிஞ்சினால் இரண்டு டயர்களும் தரையோடு போராடியே தேய்ந்து தீரும். "குற்றம் சேர்மானத்தில இருக்கும்போது டயரை மாத்தினா, புது டயரும் அதே மாதிரிதான் தேயும்" என்பார் அப்பா. இப்போது யோசித்தால், அவர் என்னிடம் டயரைப் பற்றிச் சொன்னவற்றில் பாதி டயரைப் பற்றியனவல்ல.

டயரின் காடிகளுக்கு நடுவே நிற்கும் ரப்பர் கட்டைகளை நம் ஓட்டுநர்கள் பட்டன் என்பார்கள். அந்தப் பட்டனின் உயரத்தை அளக்க அப்பாவுக்குத் தீக்குச்சி போதும். காடிக்குள் குச்சியை நிறுத்தி, நகத்தால் குறியிட்டு, அளவுகோலில் வைத்துப் பார்ப்பார். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு இந்த ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. அப்பா இரண்டு மில்லிமீட்டரிலேயே புதிய டயருக்குப் பணம் ஒதுக்கத் தொடங்கிவிடுவார். மழைநீரைப் பிளந்து வெளியேற்றுவது அந்தக் காடிகள்தாம். அவை தூர்ந்தால் டயர் தரையை விட்டு நீரின்மேல் ஓடத் தொடங்கும். "விதி சொல்றது அபராதத்துக்கு உள்ள அளவு, மழைக்கு உள்ள அளவு இல்லை" என்பார்.

இவ்வளவும் அறிந்த ஒருவரின் மகன் செய்த காரியத்தை இனிச் சொல்ல வேண்டும்.

1997-ஆம் ஆண்டு ஜூலை. அக்காவுக்கு இருபத்துநான்கு வயது. எழுத்தர் பணிக்கான எழுத்துத் தேர்வில் தேறித் தட்டச்சுத் தேர்வுக்கு அழைப்பு வந்திருந்தது. அவள் விரல்கள் விசைகளின்மேல் ஓடும் வேகத்தைப் பார்த்து, கால்களின் பங்கையும் விரல்களுக்கே இறைவன் கொடுத்துவிட்டான் என்று பாட்டி சொல்லுவாள். அந்தச் சமயத்தில் அப்பா மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார். பத்தொன்பது வயதான நான் பி.ஏ. இரண்டாம் ஆண்டு. ஓட்டுநர் உரிமம் வாங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. தேர்வுக்கு அக்காவை அழைத்துச் செல்லும் பொறுப்பு எனக்கு வந்தது.

பின் டயர் தீக்குச்சி எல்லையைத் தாண்டியிருந்தது. அப்பா படுக்கையிலிருந்தபடியே தலையணைக்கு அடியிலிருந்து நான்கு நூறு ரூபாய்த் தாள்களை எடுத்துக் கொடுத்தார். "புது டயர், புது டியூப். பின்னால மாட்டு. ஸ்டெப்னியில காத்து இருக்கான்னு பார்த்துடு" என்றார். மூன்றே வாக்கியங்கள்.

நான் கரோல்பாக் போனேன். கல்லூரி நண்பர்கள் அந்த வாரக் கடைசியில் ஆக்ரா போவதாக ஏற்பாடு. என் பங்குப் பணம் இன்னும் கொடுக்கவில்லை. தாஜ்மகாலைப் பார்க்காதவன் என்று ஏற்கெனவே கேலிக்கு ஆளாகியிருந்தேன். ஒரு கடையின் வாசலில் ரீட்ரெட் டயர்கள் கறுப்புப் பூச்சு மின்ன அடுக்கப்பட்டிருந்தன. விலை புதியதில் பாதிக்கும் குறைவு. பழைய டயரின் முகத்தைச் சுரண்டி, புதிய ரப்பரை ஒட்டி, அச்சில் வைத்து வேகவைத்து எடுத்தவை. ரீட்ரெட் டயரை நான் பழிக்கவில்லை. முறையாகச் செய்த ரீட்ரெட்டில் எத்தனையோ லாரிகள் இந்த நாட்டின் நெடுஞ்சாலைகளில் ஓடுகின்றன. ஆனால் அது யார் செய்தது, எந்த டயரின்மேல் செய்தது என்று நான் கேட்கவில்லை. மலிவாக இருந்தது, பட்டன் ஆழமாக இருந்தது, அப்பா படுக்கையில் இருந்தார். வாங்கினேன். டியூபையும் மாற்றவில்லை. வீட்டுக்கு வந்து, காற்றை இறக்கி, நட்டுகளைக் கழற்றி, பவுடர் தூவி, பிழையில்லாமல் மாட்டினேன். ஸ்டெப்னியைப் பார்க்கவில்லை. மறதி என்று சொல்லிக்கொள்ளலாம். பார்த்திருந்தால் அதற்குப் பஞ்சர் ஒட்ட இருபது ரூபாய் செலவாகியிருக்கும் என்பதும் அப்போது எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

தேர்வு நாளன்று விடியற்காலையிலிருந்தே மழை. அந்த நாட்களில் தட்டச்சுத் தேர்வு எழுதுவோர் தட்டச்சுப் பொறியைத் தாமே கொண்டு போக வேண்டும். வாடகைக்கு எடுத்த பொறியைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி அக்காவின் காலடியில் வைத்தோம். ராமகிருஷ்ணபுரத்திலிருந்து புறப்பட்டு ரிங் ரோட்டில் ஏறி, மோதிபாக்கைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஓர் ஓசை கேட்டது. ஈரத் துணியைக் கல்லில் அடிப்பது போல, பட், பட், பட் என்று. ரப்பர் ஒரு முனையில் உரிந்து மட்கார்டில் அடிக்கும் ஓசை என்று உணர்ந்துகொள்ள எனக்கு இரண்டு விநாடி பிடித்தது. அதற்குள் பட்டை முழுதும் உரிந்து சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. டியூப் வெடித்தது. வண்டி வலப்பக்கம் திரும்பிச் சாலை நடுவே இருந்த திட்டில் மோதி நின்றது.

மூன்று சக்கரம் என்பதால் கவிழவில்லை. பின்னால் வந்த பேருந்து ஓரிரு கஜ தூரத்தில் நின்றது. அந்த ஓட்டுநர் சொன்ன வசைகள் எல்லாம் எனக்கு உரியவையே. அக்கா முன்னால் சரிந்து, தட்டச்சுப் பொறியைக் குழந்தையைப் போல இரு கைகளாலும் அணைத்துக்கொண்டிருந்தாள். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. காலிபரின் ஒரு பட்டை வளைந்திருந்தது. "எனக்கு ஒண்ணும் இல்லைடா. ஸ்டெப்னியை மாட்டு" என்றாள்.

ஸ்டெப்னியை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். அது மாவு போல அமுங்கியது. உமணன் வண்டிக்கடியில் கட்டிக்கொண்டு போனது ஏற்கெனவே முறிந்த அச்சாக இருந்தால் என்ன ஆகும் என்று ஔவையார் பாடவில்லை. பாட வேண்டிய தேவை அவருக்கு இருந்திராது. அப்படிப்பட்ட உமணன் அந்தக் காலத்தில் இருந்திருக்க மாட்டான்.

அக்காவை மழையில் விட்டுவிட்டு, சக்கரத்தை உருட்டிக்கொண்டு பஞ்சர்க் கடையைத் தேடி ஓடினேன். திரும்பி வந்து மாட்டி முடிக்க ஐம்பது நிமிடங்கள். ஆட்டோ ஒன்றை நிறுத்தி அவளை ஏற்றி அனுப்பலாம் என்ற எண்ணம்கூட எனக்கு அப்போது தோன்றவில்லை. தேர்வு மையத்தை அடைந்தபோது வாயில் சாத்தப்பட்டுப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. உள்ளே தட்டச்சுப் பொறிகள் ஒருசேர ஓடும் ஓசை, தகரக் கூரையில் மழை பெய்வதுபோல வெளியே கேட்டது. நேரம் தவறியவரை அனுமதிக்கலாகாது என்பது விதி. விதியைக் குறை சொல்ல நான் யார்? இன்று அதுபோன்ற விதிகளைக் காப்பாற்றிச் சம்பளம் வாங்குகிறவன் நானும்தான். அக்கா சிறிது நேரம் அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "திருப்புடா வண்டியை" என்றாள்.

வீட்டில் அவளே முந்திக்கொண்டு, "ஆணி குத்திடுச்சுப்பா. இவன் என்ன பண்ணுவான்?" என்று சொல்லிவிட்டாள். அப்பா பதில் பேசவில்லை. மாலையில் மழை விட்டபின், சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படியிறங்கி வந்தார். உரிந்த டயர் சைடுகாருக்குள் கிடந்தது. அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஏடு புரட்டுவதுபோல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். உரிந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவினார்.

"ஆணின்னா ஓட்டை இருக்கும்" என்றார். சற்றுப் பொறுத்து, "மீதி எவ்வளவு?" என்று கேட்டார்.

சட்டைப் பையிலிருந்ததை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை எண்ணவில்லை. "பணம் போனா வரும். அவ உன்னை நம்பித்தானே உட்கார்ந்திருந்தா" என்றார். அவ்வளவுதான். அதன்பின் தம் இறுதி நாள்வரை அதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. அடித்திருந்தால் அன்றே மறந்திருப்பேன். நான் ஆக்ராவுக்குப் போகவில்லை. தாஜ்மகாலை இன்றுவரை பார்க்கவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. யாராவது அழைக்கும்போதெல்லாம் அந்தப் பட், பட் ஓசை காதில் கேட்கிறது; ஏதாவது காரணம் சொல்லித் தவிர்த்துவிடுகிறேன்.

அக்கா அடுத்த முறை எழுதித் தேறினாள். பதினான்கு மாதங்கள் கழித்துப் பணியில் சேர்ந்தாள். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சதே" என்று உறவினர்கள் சொன்னார்கள். ஆனால் சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவர்களுக்குப் பணிமூப்புப் பட்டியல் என்றால் என்ன என்று தெரியும். முந்தைய தேர்வில் வந்தவர்கள் அனைவரும் அவளுக்கு மேலே. முதல் பதவி உயர்வு அவர்களுக்குப் பின். அடுத்ததும் அவர்களுக்குப் பின். தேய்ந்துபோன ரப்பர் திரும்ப முளைப்பதில்லை. நானும் எழுத்தர் பணியில் சேர்ந்து, இத்தகைய பட்டியல்களைச் சரிபார்க்கும் பிரிவில் சில ஆண்டுகள் இருந்தேன். பெயருக்கு எதிரே பணியில் சேர்ந்த தேதி என்ற கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம், இந்தத் தேதிக்குப் பின்னால் யாருடைய தம்பி என்ன செய்தானோ என்று எண்ணிக்கொள்வேன்.

சைடுகார் வண்டியை 2003-ல் விற்றோம். அப்பா 2011-ல் காலமானார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 2009-ல், அக்கா தன் சேமிப்பிலிருந்து கியர் இல்லாத ஸ்கூட்டர் ஒன்றை வாங்கி, பின்புறம் இரு பக்கமும் துணைச் சக்கரங்கள் பூட்டி, தானே ஓட்டத் தொடங்கிவிட்டாள். அத்தகைய வண்டியைப் பலரும் மூன்று சக்கர வண்டி என்றே சொல்கிறார்கள். அவளுடையதை எண்ணினால் நான்கு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் உடற்குறை உடையோர் வண்டி என்ற பொருளில் இருந்த பெயரை 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கி, மாற்றியமைக்கப்பட்ட வாகனம் என்று ஆக்கிவிட்டது. "குறை இனிமே என்கிட்ட இல்லை, மாத்தம் வண்டியிலதான்" என்று அக்கா அந்த அறிவிக்கையைப் படித்துவிட்டுச் சொன்னாள்.

அந்த வண்டியிலும் பின் டயரின் கதை தொடர்கிறது. துணைச் சக்கரங்கள் சற்றே தாழ்ந்துவிட்டால் பாரமெல்லாம் அவற்றின்மேல் நிற்கும். நடுச் சக்கரத்துக்குத் தரையில் பிடி குறைந்து, ஈரத்திலும் மேட்டிலும் நின்ற இடத்திலேயே சுழன்று தேயும். சற்றே உயர்ந்துவிட்டால் வண்டி தொட்டில்போல் இரு பக்கமும் ஆடும். உதவிக்கு வந்தவர்கள் எவ்வளவு தாங்க வேண்டும், உழைப்பவருக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அந்த இரண்டு மூன்று மில்லிமீட்டரில் இருக்கிறது. முதல் பட்டறைக்காரர் மிகத் தாழ்த்திப் பூட்டிவிட்டார். வண்டி ஆடக் கூடாது, அம்மணி பயந்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணம். ஐந்து மாதத்தில் நடு டயர் மொட்டையாயிற்று. அக்கா உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, "சேர்மானம் சரியில்லை" என்றாள். அப்பாவின் குரல்தான். பாடம் எனக்கு நடந்தபோது அவள் சைடுகாரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறன்று நான் அவள் வீட்டுக்குப் போவது வழக்கம். அவளுக்கு என் உதவி தேவையில்லை. கீழே குனிந்து பார்க்க ஓர் ஆள் இருந்தால் நல்லது, அவ்வளவே. சென்ற மாதமும் போனேன். வண்டியின் பின்னால் தரையில் அமர்ந்து, தீக்குச்சியைக் காடிக்குள் நிறுத்தி நகத்தால் குறியிட்டேன். இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேலே இருந்தது.

"என்ன சொல்றது?" என்று அக்கா மேலேயிருந்து கேட்டாள்.

"இன்னும் ஆறு மாசம் போகும்" என்றேன்.

"சரி. அப்ப அடுத்த வாரம் மாத்திடலாம்" என்றாள்.

மறு சனிக்கிழமை இருவரும் கரோல்பாக் போனோம். அவள் ஓட்டினாள், நான் பின்னால் அமர்ந்திருந்தேன். கடைக்காரர் இரண்டு டயர்களை எடுத்துப் போட்டு, விலை குறைந்ததை என் பக்கம் நகர்த்தினார். அக்கா ஒன்றும் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தாள். நான் மற்றொன்றைத் தொட்டுக் காட்டினேன். பணத்தை அவள்தான் கொடுத்தாள். மீதிச் சில்லறையைக் கடைக்காரர் என்னிடம் நீட்டியபோது, அதை எண்ணாமலே வாங்கி அவள் கையில் வைத்தேன்.